கீப்பருக்குப் பின்னால் வைத்த ஹெல்மெட்

"கடைசி பால்ல அவனுங்களுக்கு அஞ்சு ரன் வேணும். அவன் பேட்ல பந்து படவே இல்லடா! ஃபைனலை உன் ஹெல்மெட் தோக்கடிச்சிருச்சு."

கோவிலம்பாக்கத்தில் பெட்ரோல் போட வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் ஒரே பைக்கில் இரண்டு பேர். ஓட்டியவர் கேப்டன். பின்னால் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தவர் விக்கெட் கீப்பர். பள்ளி அணிக்குத் தண்ணீர் மட்டுமே தூக்கிய வல்லுநரான நான், காதை நீட்டினேன்.

"கீப்பருக்குப் பின்னாடி அத்த எவனாவது வெப்பானா?"

"வண்டில வெச்சா சுட்டுனு போறானுங்க மச்சான். ஏற்கெனவே ரெண்டு போச்சு. பந்து அதுல பட்டா அஞ்சு ரன் பெனால்டின்றதை மறந்துட்டேன்."

"நாலு வருசமா இந்தக் கப்புக்கு ஏங்கிகினு கீறோம். இனிமே கிரவுண்டு பக்கமே வராத."

எனக்குப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் நகரவில்லை.

"வரல மச்சான். ஆனா போன வாரம் வரிக்கும் அந்த அம்பயருக்கு இப்டி ஒரு ரூல் கீதுன்னே தெரியாது. செமில அந்த டீம் ஹெல்மெட்ல பட்டப்போ, போன்ல ரூலைக் காட்டி அவருகிட்ட அஞ்சு ரன் வாங்கினது யாரு?"

கேப்டன் திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி அந்த ஹெல்மெட்டை வாங்கினார். தலையில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டார்.