டிம்ப்னா மேலங்கியைக் கழற்றிய நாள்

காவல் நிலைய சார்ஜென்ட் டூலன் அவர்களுக்கு,

எங்கள் ரோஸ்காமன் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்தால் முதலில் மேலங்கியைக் கழற்றுவார், பிறகுதான் உட்காருவார். கழற்றாமல் உட்கார்ந்தால் இரண்டில் ஒன்று: உடனே கிளம்பப் போகிறார், அல்லது உங்கள் வீடு குளிர்கிறது. என் நாத்தனார் டிம்ப்னா நாற்பது வருஷமாக, ஞாயிறு தவறாமல், எங்கள் வீட்டில் மேலங்கியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். ஆகவே முதல் காரணம் பொருந்தாது.

"டேய் மலக்கி, அம்மா காலத்துல இந்த வீட்டுல வெண்ணெய் உருகும்டா. இப்போ நான் உறைஞ்சு போறேன்" என்பாள், என்னைப் பார்த்துக்கொண்டு.

"அம்மா காலத்துல நீ நாலு பசு கறந்துட்டு வந்து உட்காருவே அக்கா. உடம்பு சூடா இருக்கும்" என்பான் என் கணவன். ஆனாலும் கூடத்தில் குளிர்காயும் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு எழுந்து போவான்.

அதனால், வீட்டுக் கதகதப்புக்கு அரசாங்கம் மானியம் தருகிறது என்ற காகிதம் வந்த அன்று நான் சமையலறையில் கையைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினேன். எனக்கு அறுபத்தாறு வயது. நடமாடும் நூலக வண்டியில் முப்பது வருஷம் புத்தகம் கொடுத்தவள். சுற்றிப் பழக்கமில்லை.

வேலை நடந்த பத்து நாளும் எங்களுக்குத் திருவிழா. பரண் முழுக்கப் பஞ்சு விரித்தார்கள். வெளிச்சுவரில் துளையிட்டு, இரட்டைச் சுவரின் நடுவே வெள்ளை மணிகளைக் குழாயால் ஊதி நிரப்பினார்கள். மின்சாரப் பெட்டியோரம் இருந்த விரிசல் வழியாக மணிகள் கூடத்தில் கொட்டின. மலக்கி தலையில் வெள்ளையோடு நின்று, "கண்ணு, நமக்கு மறுபடி கல்யாணம் நடக்குதுடி" என்றான். கோழிகள் கூட மணி ஒட்டிக்கொண்டு உலாவின. நாங்கள் சிரித்த சிரிப்பில் வேலையாட்கள் தேநீரைச் சிந்தினார்கள்.

மதிப்பீடு செய்ய வந்த ஃபாலன் அம்மா, எங்கள் வீட்டுக்கு பி-2 என்று தர எழுத்துப் போட்டுக் கொடுத்தாள். முன்பு ஜி. அதற்குக் கீழே எழுத்தே கிடையாது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினோம். போகும்போது அவள் அடுப்பு நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தைத் தட்டிக் காட்டினாள். "இது உங்க அடுப்போட மூக்குங்க. வீடு இப்போ இறுக்கமாயிடுச்சு. இதை மட்டும் அடைச்சிடாதீங்க."

அந்த ஞாயிறு டிம்ப்னா வந்தாள். சான்றிதழைப் படித்தாள். உட்கார்ந்தாள். என் விரல்கள் அவள் மேலங்கிக்காக நீண்டே இருந்தன.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்கழுத்துல எங்கிருந்தோ காத்து குத்துதே" என்றாள். இன்னொரு பொத்தானையும் போட்டுக்கொண்டாள்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அந்தத் துவாரத்துக்குள் பழைய காலுறை இருக்கும். நானும் காலுறைதான் வைத்தேன். மலக்கி பிடுங்கிவிட்டான். "மனுஷன் மூச்சு விட வேணாமாடி?" மறுபடி வைத்தேன், மறுபடி பிடுங்கினான். மூன்றாவது முறை நான் வெளியிலிருந்து, டப்பாவில் வரும் நுரையைப் பீய்ச்சினேன். அது உப்பி இறுகிவிடும். உள்பக்கம் துவாரத்தின் மூடி அப்படியே இருந்தது. அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவான் என்றுதான்.

அந்த வாரம்தான் எங்கள் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான வாரம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூடத்தில் இருந்தோம். தலை லேசாகச் சுற்றியது, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு மலக்கி என் இடுப்பைப் பிடித்து என்னோடு ஆடினான். இரண்டே நிமிஷத்தில் இருவரும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டோம். "கிழடு தட்டிப்போச்சு" என்றான்.

வேலையாட்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன நச்சுவாயு எச்சரிக்கை மணி செவ்வாயன்று அலறியது. வியாழனன்றும். புதுச் சாதனம், வீட்டுக்குப் பழகவில்லை என்று நினைத்தேன். பேட்டரியைக் கழற்றி மலக்கியின் ரேடியோவில் போட்டேன். ஞாயிறு எங்கள் மாவட்ட அணியின் கால்பந்து ஆட்டம் இருந்தது.

அந்த ஞாயிறு நான் டிம்ப்னாவைக் கூட்டிவரப் போனேன். அவள் பிறகு வருவதாகச் சொன்னாள். திரும்பி வந்தபோது ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. மலக்கி நாற்காலியில் இருந்தான். கன்னம் ரோஜாவாக, பத்து வயது குறைந்தவனாக. தொட்டுப் பார்த்தேன்.

பிறகு ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போய் நுரையைத் தோண்டி எடுத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். ரேடியோவிலிருந்து பேட்டரியை எடுத்தபோது நாங்கள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். அதைச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் உங்களுக்குத் தொலைபேசினேன். புகைபோக்கியில் காக்கைக் கூடு இருந்தது. எல்லோரும் காக்கையைத்தான் குற்றம் சொன்னார்கள். அவனுக்கு இடது காது மந்தம், ஆட்டத்துச் சத்தத்தில் மணி கேட்டிருக்காது என்று நீங்களே எழுதினீர்கள். காக்கை மறுக்கவில்லை. நானும்.

டிம்ப்னா ஓடி வந்தாள். அழுதாள். ஜன்னல்கள் திறந்திருந்ததால் மேலங்கியைக் கழற்றவில்லை.

இன்று முப்பதாம் நாள் பூசை. முடிந்ததும் அவளைக் கூட்டி வந்தேன். புகைபோக்கியைச் சுத்தம் செய்யும்வரை அடுப்பை மூட்டக்கூடாது என்று தீயணைப்பு அதிகாரி சொல்லியிருந்தார். சுத்தம் செய்பவர் வியாழனன்றுதான் வருகிறார். ஆனால் வெறும் அடுப்பின் முன்னால் விருந்தாளியை உட்காரவைப்பது எங்கள் வழக்கமில்லை. துவாரத்தில் நேற்றே புது நுரை இறுகிவிட்டது. பேட்டரி ரேடியோவில் இருக்கிறது. அவளும் ஆட்டம் கேட்பாள்.

"கூட்டை எடுத்தாச்சா நோரீன்?" என்று கேட்டாள்.

"ஆச்சு அண்ணி."

அவள் எழுந்து நின்று, ஒவ்வொரு பொத்தானாக, மேலங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். உள்ளே நீலத்தில் சின்னப் பூப்போட்ட சட்டை. நாற்பது வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். "சொன்னா நம்பு, அம்மா காலத்துல கூட இவ்ளோ கதகதப்பு இல்ல" என்றாள்.

இதைச் சமையலறையிலிருந்து எழுதுகிறேன். கூடத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன், ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்திருக்கிறேன். எழுதும்போது எனக்குக் காற்று வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன் கதவிடுக்கில் பார்த்தேன். கண்ணை மூடியிருக்கிறாள், கன்னத்தில் நல்ல நிறம். தேநீர் ஆறுகிறது. எழுப்ப மனம் வரவில்லை. பாவம், இந்த வீட்டில் முதல் முறையாக அவளுக்குக் குளிரவில்லை.