மணிச்சத்து போடாத தொட்டிகள்

குதிரைமசால் என்று பெயரே தவிர, அதை மாடுகள்தான் ஆசையாகத் தின்னும், இன்ஸ்பெக்டர் மேடம். எங்கள் தீவன ஆராய்ச்சிப் பண்ணையில் அதில் நான்கு ரகங்களைத் தொட்டிகளில் வளர்த்தேன். சில வரிசைகளுக்கு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் உரம் நிறைய, சிலவற்றுக்குக் கொஞ்சம், கடைசி வரிசைக்கு அறவே கிடையாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். செடி அப்படியல்ல. மண்ணில் மணிச்சத்து குறைந்தால் தழையைக் குறுக்கிக்கொண்டு, இருக்கிற தெம்பை வேருக்கு அனுப்பிவிடும். அதில் எந்த ரகம் கெட்டி என்பதுதான் என் கேள்வி. பட்டினி போட்டால்தான் பதில் கிடைக்கும்.

தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் செல்லக்கிளி. மண்ணச்சநல்லூரிலிருந்து வருவாள். நல்ல உழைப்பாளி, அதை நான் மறுக்கவில்லை. வேர்களைக் கழுவி அளக்க வேண்டிய வாரத்தில் பார்க்கிறேன், கடைசி வரிசை தளதளவென்று நிற்கிறது. என்ன இது என்று கேட்டேன்.

“பாவம் சார், சவலப் புள்ளைங்க மாதிரி சுருங்கிக் கெடந்துச்சுங்க. மனசு கேக்கல. நான்தான் அப்பப்ப ஒரு சிட்டிகை சூப்பர் உரம் போட்டேன்.” சிரித்துக்கொண்டே சொன்னாள். சூப்பர் என்றால் மணிச்சத்துதான்.

மூன்று வருட உழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். ஆனால் நான் கை நீட்டுகிறவன் அல்ல, குரலைக்கூட உயர்த்தவில்லை. பின்பக்கம் இருக்கிற விதைக் கிடங்கிலிருந்து கோணி எடுத்து வரச் சொன்னேன். உள்ளே போனாள். வெளியே பூட்டினேன்.

மறுநாள் வைகுண்ட ஏகாதசி, உள்ளூர் விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு. பண்ணையில் ஈ காக்காய் இருக்காது. பட்டினி என்ன செய்யும் என்பதை அவளே தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அவளுடைய பை வேப்பமரத்தில் தொங்கியது. சர்க்கரை மாத்திரையும் போனும் அதில்தான் இருந்தன. போன் ஓயாமல் அடித்தது. அணைத்து வைத்தேன்.

ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் சேவித்துவிட்டு நேரே பண்ணைக்கு வந்தேன். தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேறு ஆள் இல்லையே. கேட்டருகே அவள் மகள் பவித்ரா அழுதுகொண்டு நின்றாள்.

“அம்மா நேத்து வீட்டுக்கே வரல சார். உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?”

“சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போறதா சொன்னாங்கம்மா” என்றேன். பாவம், அந்தப் பெண் அங்கே தேட ஓடினாள்.

நான் பின்பக்கம் போனதும் கிடங்கிலிருந்து குரல் வந்தது. “சார், தெரியாம செஞ்சிட்டேன் சார். மன்னிச்சிடுங்க. ஒரு வாய் தண்ணி மட்டும் குடுங்க.”

திறந்திருக்கலாம். ஆனால் பாதியில் இரக்கப்பட்டால் எல்லாம் பாழாகிவிடும். அவள் செய்ததும் அதுதானே. தொட்டிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை கதவைத் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தட்டவில்லை.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள் மேடம், கையெழுத்துப் போடுகிறேன். பூட்டியது நான், சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் சாகட்டும் என்று நினைத்தவன் தினமும் போய்ப் பார்ப்பானா? ஞாயிற்றுக்கிழமைகூடக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உயிர் இருக்கிறது என்ற நிம்மதியோடுதான் வீட்டுக்குப் போனேன்.