ஷோபனாவின் காலை மாத்திரை

எனக்கு ஒல்லியான பெண்களைப் பிடிக்காது, சார். சிலருக்குக் கத்திரிக்காய் பிடிக்காது இல்லையா, அந்த மாதிரிதான்.

எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறேன். ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடும்போதெல்லாம் மாடி வீட்டு கோமளா டீச்சரிடம் டியூஷனுக்கு ஓடிவிடுவேன். பெரிய உடம்பு. மெதுவாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எந்தச் சத்தமும் என்னை அண்டாது.

ஷோபனாவைக் காட்டுப்பாக்கத்தில் பெண் பார்த்தோம். எனக்கு முன்னால் வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பியவர்கள். நான் அங்கேயே சரி என்றேன். திரும்பும் வழியில் அம்மா அழுதாள். "உனக்கு ஏதாவது குறை இருக்காடா? இருந்தா சொல்லு, டாக்டரைப் பாக்கலாம்."

கல்யாணத்துக்குப் பிறகு, ஆபீஸ் போகிற ரயிலில் தினமும் கூட வரும் கோகுல்நாத் ஆரம்பிப்பான். "இன்னா மாமே, வண்டி பின் டயர்ல காத்து கீதா?" பெட்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஓடுகிற ரயிலில் வேறு எங்கே போவது?

ஷோபனாவுக்குத் தைராய்டு என்றார் டாக்டர். தினமும் காலையில், வெறும் வயிற்றில், ஆயுசுக்கும் ஒரு மாத்திரை. எடுத்துக் கொடுப்பது என் வேலை. கொஞ்ச நாளில் இளைத்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. நாங்கள் குடியிருந்த பட்டாபிராம் ஃபிளாட்டில் அக்கம்பக்கத்தார் எனக்குக் கை கொடுத்தார்கள். இப்போதுதான் ஜோடிப் பொருத்தமாம். கண்ணாடி முன் நின்று அவள் கேட்டாள், "இனிமே உங்களை யாரும் கிண்டல் பண்ண மாட்டாங்கல்ல?" ராத்திரி பக்கத்தில் யாரோ ஒருத்தி படுத்திருந்தாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

மாத்திரையை மாற்றினேன். அதே நிறம், அதே அளவில் ஒரு வைட்டமின். விஷம் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

முகம் திரும்ப நிறைந்தது. நடை மெதுவானது, குரல் தடித்தது. வெயில் காலத்திலும் போர்த்திக்கொண்டாள். மாடிப்படி இறங்குவதை விட்டாள். நானே சமைத்தேன், நானே தலை வாரிவிட்டேன். டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னபோது, மாத்திரைதான் தவறாமல் சாப்பிடுகிறாயே என்றேன்.

மார்கழியில் ஒருநாள் அவள் எழுந்திருக்கவில்லை. கொலை என்று புகார் கொடுத்திருக்கிறார் அவள் அண்ணன் லோகநாதன். சின்ன வயதிலிருந்து அவளை 'டிரம்மு' என்று கூப்பிட்டவர் அவர். நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் எழுந்திருக்காமல் போனதற்கு முந்தைய நாள் காலையில் மாத்திரையை நீட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். "இது அதே மாத்திரைதானா?" என்றாள். அதேதான் என்றேன். என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விழுங்கிவிட்டாள்.

அவளுக்கும் சம்மதம்தான், சார்.