எண்ணெயில் ஊறும் பிரேக்

டிராக்டர் எண்ணெயை மூக்கால்தான் வாங்க வேண்டும், மேடம். கடைக்காரன் பேச்சைக் கேட்டு வாங்குகிறவன் ஏமாளி. நான் இரண்டு விரலைத் தோய்த்து முகர்ந்தால் போதும், அந்த கியர்பாக்ஸைக் கடைசியாகத் திறந்தவன் எந்த ஊர்க்காரன், காலையில் என்ன பலகாரம் சாப்பிட்டான் என்பதுவரை சொல்லிவிடுவேன். கோலார் தங்கவயலில் என் மூக்குக்குத் தனியாகச் சம்பளம் போடலாமா என்று மேலிடத்தில் பேச்சே நடந்தது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எங்கள் தெருவில், ஜோகுபாளையத்தில், எல்லோரும் இப்படித்தான் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு என்னிடம்தான் யோசனை கேட்பார்கள்.

வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருக்கிறாளே செண்பகம், அவளும் கேட்டாள். நீங்கள் உள்ளே பிடித்து வைத்திருக்கும் தினேஷின் அக்கா. டிராக்டர் அவளுடையது. அதில் தண்ணீர் டேங்கரை மாட்டி ஓட்டுவது தினேஷ். அவன் கண்மண் தெரியாமல் ஓட்டியதால்தான் ஐரின் செத்துப்போனாள் என்று வழக்கு எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். தனக்கோடி என்று எழுதிக்கொள்ளுங்கள். சுரங்கத்தில் ஃபிட்டர், சுரங்கம் மூடிய பிறகு டிராக்டர் மெக்கானிக், இப்போது ஓய்வு.

யுகாதி முடிந்து வெயில் ஏறியிருந்தது. தெருவில் குழாயெல்லாம் காற்றுதான் விட்டது. டேங்கருக்கு ஓய்வே இல்லை. டிராக்டரில் எண்ணெய் மாற்ற வேண்டும், எது வாங்கலாம் என்று செண்பகம் டீக்கடைக்கே வந்து கேட்டாள். தொண்ணூறு நம்பர் கியர் ஆயில், வேறென்ன என்றேன்.

தினேஷ் குறுக்கே வந்தான். "பெரிப்பா, இது புது மாடலு. கியரு, ஹைட்ராலிக்கு, பிரேக்கு, மூணுக்கும் ஒரே ஆயிலு. பிரேக்கே ஆயிலுக்குள்ளதான் கீது. கம்பெனி சொல்றதுதான் ஊத்தணும்."

நான் பழகிய டிராக்டர்களில் பிரேக்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் பிரேக் போச்சு. அதனால் கேட்டேன். "பிரேக்க எண்ணெயில ஊற வெச்சிக்கினு கீறானா? அது இன்னா பிரேக்காடா, மாங்கா ஊறுகாயா?"

கடையே குலுங்கியது. டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பாய்லர் அடுப்பில்லாமலே கொதித்தது. அன்றோடு தினேஷுக்கு 'ஊறுகா' என்று பேர் விழுந்துவிட்டது. "டேய் ஊறுகா, எங்கூட்டுக்கு ரெண்டு கொடம் ஊத்திட்டுப் போடா" என்று பெண்கள்கூடக் கூப்பிட்டார்கள். "பெரிப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் செண்பகம். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைக்கு நானே போய் அந்தத் தொண்ணூறு நம்பரையே வாங்கினேன். பழையதை இறக்கிவிட்டு நானே ஊற்றினேன். நல்ல கெட்டியான எண்ணெய், தேன் மாதிரி இறங்கியது.

கன்னடத்தில் 'ஆமேலே' என்கிறீர்கள். அப்புறம் நடந்ததையும் சொல்கிறேன்.

பிரேசர் டவுனில் கிளிஃபர்ட் என்று எனக்கு ஒரு சிநேகிதர், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்று ஒருநாள் போனேன். செண்பகத்தினுடைய மாதிரியே ஒரு டிராக்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். மேஜைமேல் பிரேக் தட்டுகள். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குன்னு தனி ஆயில் இருக்கு மேன். வெறும் கியர் ஆயில் ஊத்தினா மொதல்ல இந்தத் தட்டு கத்தும். அப்புறம் வழுக்கும். அதுக்கப்புறம் யேசுதான் வந்து பிடிக்கணும்" என்றார்.

தெரியும், தெரியும் என்றேன். பக்கத்து பேக்கரியிலிருந்து பன் வாங்கி வைத்திருந்தார். நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன்.

எங்கள் தெரு சரிவு, மேடம். போர்வெல் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் கேட்கிற வீடுகளெல்லாம் கீழே. நிரம்பிய டேங்கரோடுதான் டிராக்டர் இறங்கும். டேங்கருக்கென்று தனியாக பிரேக் கிடையாது. அத்தனை தண்ணீரும் பின்னாலிருந்து தள்ளும், டிராக்டர்தான் தாங்க வேண்டும். அன்று நான் வீடு திரும்பும்போது அது இறங்கிக்கொண்டிருந்தது. கன்றைத் தேடும் மாடு மாதிரி ஒரு சத்தம்.

மறுநாள் தினேஷ் டீக்கடைக்கு வந்தான். "பெரிப்பா, பிரேக் கத்துது. மெதிச்சா ஒரு ஆள் நீளத்துக்குத் தள்ளிப் போயித்தான் நிக்குது. இன்னா பண்லாம்?"

இதை இறக்கிவிட்டு நீ சொன்ன எண்ணெயை ஊற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் கடை நிறைய ஆள் இருந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊறுகா என்ற பேர் வீடு மாறி என்னிடம் வந்திருக்கும்.

"புது எண்ணெய்டா. பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போனா நாலு நாளு அழுவாதா? பழகிக்கும்" என்றேன்.

சிரித்தார்கள். தினேஷும் சிரித்தான். நல்ல பையன்.

அன்று வீட்டுக்குப் போய் என் மகள் மைதிலியிடம், பேத்தி சுனிதாவை இனிமேல் சரிவின் அடியில் ஸ்கூல் வேனுக்கு நிறுத்த வேண்டாம், பின்தெருவில் நிறுத்து என்றேன்.

"இன்னாத்துக்குப்பா? இத்தினி நாளா இங்கதான ஏர்றா?"

"அங்க நெழல் இருக்குது" என்றேன்.

எங்கள் கீழ் வீட்டில் குடியிருந்தவள் ஐரின். நர்சிங் ஹோமில் வேலை. தினமும் காலையில் சரிவின் அடியில்தான் ஆட்டோவுக்கு நிற்பாள். பேத்தியின் ரிப்பனைச் சரிசெய்வாள், அது இவள் பையிலிருந்து சாக்லேட் எடுக்கும். இரண்டு நாள் கழித்து என்னைப் பார்த்து, "இன்னா அங்கிள், பாப்பாவ காணம்?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கம் மாத்திட்டோம்மா. நெழலா இருக்குது."

"குடுத்து வெச்சவ. எனக்கு இங்க நின்னாத்தான் ஆட்டோ கெடைக்குது."

சரிம்மா என்றேன். அப்போது டிராக்டர் மேலே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பாலுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பிரேக் கத்தவில்லை. அன்று நான் கவனித்தது அதைத்தான். சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பால்கனியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வழுக்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன், அதற்குள் தினேஷ் "நவுருங்க, நவுருங்க" என்று கத்தினான். ஐரின் காதில் போனை வைத்திருந்தாள். டேங்கர் கம்பத்தில் இடித்துச் சாய்ந்து, தண்ணீரெல்லாம் தெருவில் ஓடியது. சிலர் குடத்தோடு வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் காப்பியை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஆறிப்போனால் எனக்குப் பிடிக்காது.

அடக்கத்துக்கும் போயிருந்தேன். அவளுடைய அம்மா ரத்தினம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ண தெனம் பாத்துக்கினு இருந்தீங்களே அண்ணா" என்று அழுதாள். ஆமாம்மா, தினம் பார்ப்பேன் என்றேன். மதியம் வந்து நன்றாகத் தூங்கினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகும் என்று இரண்டொரு நாள் எதிர்பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

பிறகு உங்கள் ஆட்கள் வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள், எண்ணெய் தப்பு என்று தெரிந்துவிட்டது. செண்பகம் வைத்திருக்கும் வக்கீல் சந்திரன் வீட்டுக்கு வந்தார். "பெரியவரே, தெரியாம சொல்லிட்டேன்னு ஸ்டேஷன்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. தினேஷும் வெளிய வந்துடுவான், உங்களையும் பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றார். மைதிலியும் அப்படியே சொல்லச் சொல்லி அழுதாள். செண்பகத்துக்குக்கூட என்மேல் கோபம் இல்லை. டீக்கடையில் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள், நான் பின்னால் நிற்பது தெரியாமல். "பாவம், பழைய காலத்து ஆளு. இந்தப் புது வண்டி பத்தி அவருக்கு இன்னா தெரியும்?" மற்றவர்களும் பாவம் பாவம் என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை, மேடம்.

இப்போது நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். கன்னடம் எனக்கு நன்றாகவே புரியும். விவரம் தெரியாமல் தவறான எண்ணெயை ஊற்றிவிட்டேன் என்று நடுவில் ஒரு வரி வருகிறது. அதை அடித்துவிடுங்கள். வக்கீல் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். எது எந்த எண்ணெய், பிரேக் எப்போது விடும், கீழே யார் நிற்பார்கள், எல்லாம் தெரிந்துதான் நான் ஊற்றினேன். கிளிஃபர்ட் ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததாகச் சொன்னேனே, அது சும்மா பேச்சுக்குச் சொன்னது, அதையும் எடுத்துவிடுங்கள். தினேஷை வீட்டுக்கு அனுப்புங்கள். எண்ணெயைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு முதல் நாளே தெரியும் என்று எழுதுங்கள்.