டார்ச் வெளிச்சத்தில் ஓடிய பர்னர்

எனக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. கொதிகலன் பட்டறையில் வேலை பார்க்கிறவன் இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள்.

தங்கை வீட்டில்தான் நானும் இருந்தேன். வயசான பிறகு எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அவள் புருஷன், என் மாப்பிள்ளை, எங்கள் பட்டறையில் எண்ணெய் பர்னர் செய்கிறவர். பழைய பர்னர் எண்ணெயைக் குடம் குடமாகக் குடித்துவிட்டுக் கரும்புகை கக்கும். இவருடையது எண்ணெயைப் பனிபோல் சிதறடித்து, புகையே இல்லாமல் எரிக்கும். மூளைக்காரர். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்று பர்னரை வாங்க வந்தவர்கள் முன்னால் கடைசிச் சோதனை. தேறினால் அவரைத் தங்கள் ஊருக்கே கூட்டிப்போவார்கள். தங்கையும் போவாள். "அண்ணனுக்கென்ன, தனிக்கட்டை, கேன்டீன்ல சாப்பிட்டுக்கும்" என்று அவள் சிரித்தது என் காதில் விழுந்திருந்தது.

பர்னரில் கண் என்று ஒன்று உண்டு, சுடரின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சுடர் அணைந்தால் அது எண்ணெயை நிறுத்திவிடும். கரி படிந்தால், எரியும்போதே நிறுத்தித் தொலைக்கும். அதனால் அதைக் கழற்றி, டார்ச் லைட்டைக் காட்டி ஏமாற்றி ஓட்டுவது எங்கள் பழக்கம். அன்றும் மாப்பிள்ளைதான் சொன்னார்.

"கண்ணைக் கழட்டி லைட்டைக் காட்டுங்க மச்சான், நடுவுல நின்னா மானம் போயிடும். கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வெறைக்காதீங்க."

வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் உலையின் உறுமல் அடங்கியது. சுடர் அணைந்துவிட்டது. எண்ணெய் மட்டும் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. சூடான செங்கல்லில் அது எந்த நிமிஷமும் குப்பென்று பற்றும். காற்றூதி இரைச்சல் பக்கம் நின்ற மாப்பிள்ளைக்கு எதுவும் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்திருந்தால் எண்ணெய் நின்றிருக்கும். நான் அதைக் கண்ணுக்கு நேராக ஒரு கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

சோதனை தோற்கட்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

"எரியுதா மச்சான்?" என்று கத்தினார்.

"அழகா எரியுது மாப்ளே. வந்து பாருங்க."

பார்க்கும் துளையைத் திறந்து முகத்தை வைத்தார்.

விபத்தில் செத்தார் என்று உங்கள் போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். நீங்கள் மறுபடி வந்து கேட்டதால் சொல்கிறேன், ஐயா. தங்கை இப்போது எங்கும் போகவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். போகப் போகச் சரியாகிவிடும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?