திரும்ப மறுக்கிற வண்டி

— முகத்தப் பாத்துப் பேசு மாப்ள. வண்டிக்கு அடியில தலைய விட்டுக்கிட்டு முணுமுணுன்னா யாருக்குப் புரியும்?

— முணுமுணுக்கல மாமா, தொண்டை கிழியக் கத்திக்கிட்டுதான் இருக்கேன். இருங்க, வெளிய வரேன். ம், இப்பச் சொல்லுங்க. வண்டி என்ன பண்ணுது?

— திரும்ப மாட்டேங்குது! ஸ்டியரிங்க ஒடிச்சா மூக்கு நேராவே போகுது. வளைவு பாதி முடிஞ்சப்புறம்தான், ஓ, திரும்பணுமான்னு யோசிக்குது. காலையில மலைப் பந்தயத்துல ரெண்டு ஓட்டம் ஓடியாச்சு. ஓரத்து மரத்துக்கு முத்தம் குடுக்காம வந்து சேந்தது உங்கக்கா பண்ண புண்ணியம்.

— புண்ணியம் நான் பண்ணேன், சரி. பின்கதவு நசுங்கினது யாரு பண்ண பாவம்?

— பாத்தியா, ஆரம்பிச்சுட்டா.

— அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரு. மாமா, இந்த வண்டிக்கு நான் என்ன குறை வெச்சேன்? ஸ்பிரிங் கெட்டியா வேணும்னீங்க, போட்டேன். ஷாக் அப்சார்பர மாத்துன்னீங்க, மாத்தினேன். பழைய ரப்பர் புஷ்ஷெல்லாம் நைஞ்சு கிடந்துச்சு, தூக்கிப் போட்டுட்டு நல்லதாப் போட்டேன். ஸ்டியரிங் மந்தமா இருக்குன்னீங்க, சக்கரத்தத் திருப்பற ராக்கையே புதுசாப் போட்டேன். இப்ப நீங்க தும்மினா வண்டி அடுத்த தெருவுல நிக்கும். இதுக்கு மேல என்னதான் பண்ணச் சொல்றீங்க?

— இன்னும் வேகமான ராக் கிடைக்குமா?

— கிடைக்கும். அதப் போட்டா நேர் ரோட்டுல கூட வண்டி அலைபாஞ்சுக்கிட்டுப் போகும். மூச்சு விடவே பயப்படணும்.

— போகட்டும். எனக்கு வளைவுல திரும்பணும். பாத்த உடனே திரும்பணும்.

— பாத்த உடனே! கேட்டியா தம்பி, அவர் வாயாலயே வந்துருச்சு. பாத்தப்புறம் எதுக்குங்க திரும்பணும்? அதுக்கு முன்னாடியே சொல்றதுக்குத்தானே நான் ஒருத்தி பக்கத்துல உக்காந்திருக்கேன்? இடது வளைவு, மூணாவது கியர், போகப் போக இறுகும்னு நோட்ஸப் பாத்து மைக்குல தெளிவா வாசிக்கறேன். கேட்டதும் பிரேக்குல கால் போக வேண்டாமா? இவரு வளைவக் கண்ணால பாத்துட்டுதான் மிதிக்கறாரு. அப்புறம் பதறிப்போய் ஒடிக்கறாரு. அந்த வேகத்துல எந்த வண்டிதான் திரும்பும்?

— நீ லேட்டா வாசிக்கற.

— நானா?

— பின்ன, நானா?

— கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து உங்களுக்கு வாசிக்கறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் லேட்டுன்னு சொல்லியிருக்கீங்களா?

— மாமா, உக்காருங்க. எதுக்கு இப்படிக் கூண்டுப் புலி மாதிரி சுத்திச் சுத்தி வரீங்க? இன்னும் நேரம் இருக்கு.

— எங்க இருக்கு நேரம்? மஞ்சள் வண்டிக்காரன் டயர் மாத்தி முடிச்சுட்டான், பாரு. முன்பக்க ஷாக்க இளக்கு.

— காலையில இறுக்கச் சொன்னீங்க.

— இப்ப இளக்கு.

— அதுக்கு முன்னாடி இளக்கச் சொன்னீங்க. அந்தத் திருகுக்கு ஒரு வாய் இருந்தா அழுதிரும் மாமா.

— தம்பி, ஒண்ணும் இளக்காத. சாவியக் குடுங்க இப்படி.

— எதுக்கு?

— நான் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கறேன். பின்னாடி மண் ரோடு இருக்கு, அதுல வளைவும் இருக்கு. எனக்கும் பந்தய லைசென்ஸ் இருக்கு, மறந்துட்டீங்களா? டேய், ஏறு. நீங்க இங்கயே இருங்க.

— அக்கா, மெல்ல! ஐயோ, அக்கா!

— கத்தாத. பெல்ட்ட இறுக்கிக்கோ.

— பள்ளம், பள்ளம்!

— தெரியுது. இந்தா, திருப்பறேன். எவ்வளவு அழகாத் திரும்புது பாரு. பின்பக்கம் கொஞ்சங்கூட வழுக்கல. நான் எங்க பாக்கறேனோ அங்க போகுது. நீ நல்ல கைக்காரன்டா.

— அதத்தானே நானும் சொல்றேன். வண்டியில ஒரு குத்தமும் இல்ல.

— தெரியும். தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்றேன், அவருகிட்டச் சொல்லிடாத. இன்னைக்கோட நான் விலகிடறேன்.

— வண்டியிலேர்ந்தா?

— வண்டியிலேர்ந்து. அப்புறம் வீட்டப் பத்தியும் யோசிக்கணும். வீட்டுலயும் இதே கதைதான். சமையக்கட்டுலேர்ந்து கூப்பிட்டா பதில் வராது. பின்னாடி நின்னு பேசினா செவுத்தோட பேசற மாதிரி இருக்கு. முன்னெல்லாம் படுத்துக்கிட்டே ஊர்க்கதை பேசுவாரு. இப்ப விளக்க அணைச்சா வாயும் அணைஞ்சுருது. மனுஷனுக்கு நம்மள வெறுத்துப் போச்சுன்னா வேற எப்படித்தான் தெரியும், சொல்லு?

— மாமாவா? உன்னையா? சும்மா இருக்கா.

— இறங்கு. வந்துட்டோம். பாரு, நாம போனதிலேர்ந்து உக்காரவே இல்ல மனுஷன்.

— என்ன ஆச்சு? முன்பக்கம் இழுக்குதா? நான் சொன்னது சரிதானே?

— வெண்ணெய் மாதிரிப் போகுது மாமா. அக்கா ஓட்டினா சொன்ன பேச்சக் கேக்குது வண்டி.

— அப்போ என் பேச்ச மட்டும் ஏன் கேக்கல?

— அது வந்து... ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு ஒரு...

— என்ன சொன்ன?

— சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மாமா.

— யாருக்குடா ஆடத் தெரியாது? இந்த மலையில நான் ஓட்டாத வளைவு உண்டா? உனக்கு ஸ்பானர் பிடிக்கக் கத்துக் குடுத்தது யாரு?

— அவன் மேல எதுக்குப் பாயறீங்க? அவன் வண்டிய ஒழுங்காத்தான் பண்ணியிருக்கான். நானும் ஒழுங்காத்தான் வாசிக்கறேன். நீங்கதான் எதையும் காதுல போட்டுக்கறதில்ல. செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி ஆகிப்போச்சு என் பொழப்பு. என்ன, எங்க போறீங்க? கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க!

— தண்ணி குடிச்சுட்டு வரேன். நீ போய் வண்டியில உக்காரு. கிளம்பணும்.

— அக்கா, என்ன இப்படிச் சுருக்குன்னு சொல்லிட்ட? முகமே செத்துப்போச்சு அவருக்கு.

— சொல்லிட்டேன், என்ன பண்ண? ஹெல்மெட்டக் கூட வெச்சுட்டுப் போயிட்டாரு, பாரு.

— அதிசயமா இருக்கு. என்னைத் தொடக் கூட விடமாட்டாரே. சரி, மைக் வேலை செய்யுதான்னு பாத்துடறேன். நீ உன்னோடதப் போட்டுக்கிட்டுப் பேசு. நான் மாமாவோடதுல கேக்கறேன். ம், பேசுக்கா.

— பேசிக்கிட்டுதான் இருக்கேன்.

— எதிர்ல நிக்கற, அதனால கேக்குது. இதுக்குள்ள ஒண்ணும் வரல. இரு, உறையத் தூக்கிப் பாக்கறேன். அட! ஸ்பீக்கர் ஒயர் அறுந்து கிடக்குக்கா. முனையில பச்சை பூத்திருக்கு பாரு. இது இன்னைக்கு நேத்து அறுந்தது இல்ல.

— என்ன, என் ஹெல்மெட்ட எதுக்குப் பிரிக்கறீங்க?

— மாமா, ஒயர் அறுந்திருக்கு. அக்கா வாசிக்கறது எதுவும் உங்களுக்கு வந்திருக்காது.

— அறுந்திருக்கா? அதானே பாத்தேன்! அதான் கேக்கல! நான் சொன்னேன்ல, குத்தம் என்னோடது இல்லன்னு. ஒட்டிக் குடு, சீக்கிரம் ஒட்டு. எல்லாம் சரியாப் போயிடும்.

— தம்பி, ஒட்டாத. இருங்க, ஒயர் அறுந்திருந்தா முதல் வளைவுலயே ஒண்ணும் கேக்கலன்னு கத்தியிருப்பீங்களே. காலையில ரெண்டு ஓட்டம். அதுக்கு முந்தின பந்தயத்துல எத்தனையோ ஓட்டம். ஒரு தடவை கூட ஏன் சொல்லல?

— அது... வேகத்துல கவனிக்கல.

— அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.

— எதுக்கும்மா இப்ப போய்...

— திரும்புங்க. கூடாரத் துணியப் பாத்து நில்லுங்க. தம்பி, நீ மூச்சு விடாத. ...என்னங்க. என்னங்க, நான் இன்னைக்கோட விலகிடலாம்னு இருந்தேன். உங்களுக்கு என்னை வெறுத்துப் போச்சுன்னு நினைச்சுட்டேன்.

— ம்? சொல்லி முடிச்சுட்டியா? திரும்பலாமா?

— அக்கா...

— திரும்புங்க. என்னைப் பாருங்க. எப்பலேர்ந்து?

— எதுக்கு அழற? என்ன சொன்ன நீ?

— எப்பலேர்ந்துன்னு கேட்டேன்.

— ...வெயில் காலத்துலேர்ந்து. முதல்ல ஒரு காது. அப்புறம் இதுவும். முகத்தப் பாத்தா புரிஞ்சுக்குவேன். எஞ்சின் ஓடினா ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணும் வராது. ஒயர் இருந்தாலும் வராது.

— அப்போ எதக் கேட்டு ஓட்டினீங்க மாமா?

— உங்கக்கா விரலப் பாத்து. நோட்ஸுல அடுத்த வரிக்கு விரல் நகந்தா ஏதோ ஒரு வளைவு வருதுன்னு தெரியும். எந்தப் பக்கம்னு தெரியாது. அதுக்குத்தான் வேகமான ராக் கேட்டேன், கெட்டி ஸ்பிரிங் கேட்டேன். கண்ணுல பட்ட உடனே திரும்பிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்.

— எந்தப் பக்கம்னு தெரியாமலா என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இந்த மலையில ஓட்டினீங்க?

— சொன்னா நிறுத்திடுவாங்கம்மா. இத விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? வீட்டுல உக்காந்து எதக் கேட்டுக்கிட்டு இருப்பேன்?

— மாமா, போதும். நான் போய் பந்தயக்காரங்ககிட்ட நாம விலகிட்டோம்னு சொல்லிடறேன்.

— போ மாப்ள. சொல்லிடு.

— எங்கடா ஓடற? நில்லு. ஷாக்கு, ஸ்டியரிங் எல்லாம் இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், கை வைக்காத. சீட்ட மட்டும் எனக்குத் தகுந்த மாதிரி முன்னாடி தள்ளு.

— அக்கா, இதுக்கு விதியில இடம் இருக்கா?

— ரெண்டு பேருமே ஓட்டறவங்கன்னுதான் பதிஞ்சிருக்கோம். என்னங்க, வீட்டுக்குப் போனதும் உங்களோட பெரிய சண்டை இருக்கு. முகத்துக்கு நேரா நின்னு, ஒவ்வொரு வார்த்தையும் புரியற மாதிரி போடறேன். இப்ப இந்தாங்க, இதப் பிடிங்க.

— இது உன் நோட்ஸ் ஆச்சே. எங்கிட்ட எதுக்குக் குடுக்கற?

— அந்தப் பக்கம் ஏறி உக்காருங்க. வாசிக்கறதுக்குக் காது எதுக்கு? கேக்கறதுக்கு நான் இருக்கேன்.