கோழி படுத்த சூளை

வெகு காலத்துக்கு முந்தி, கரண்டுங்கற பேச்சே இல்லாத காலத்துல, நொய்யல் ஆத்தங்கரையில மொட்டம்பாளையம்னு ஒரு ஊரு. அங்க செங்கல் சூளை போட்டவ நஞ்சாத்தா. எங்க அப்பாருக்கு அம்மாயி. வாயும் பெருசு, மனசும் பெருசும்பாங்க.

அந்த வருசம் காடு பூராக் கரும்பு. வெட்டற நேரம் பாத்து, மாடு பூட்டிக் கரும்பாட்டற ஆலையோட பல்சக்கரம் உடைஞ்சு போச்சு. மாடு சுத்துது, ஆலை சுத்தலை. கரும்பு காஞ்சா ஊரே பட்டினி. ஆறுச்சாமி ஆசாரி, "நான் வார்த்துத் தாரேன்"னு இரும்பை உருக்கி ஊத்துனாரு. ஆனா ஆளுக்கு அவசரம்! செவச்செவேன்னு இருக்கற சக்கரத்தை வெளிய இழுத்து, கொடங்கொடமாத் தண்ணியை ஊத்தி ஆத்துனாரு.

மாட்டுனாங்க. பல்லு படார்! மறுக்கா வார்த்தாரு, மறுக்காத் தண்ணி, மறுக்காப் படார்! உடைஞ்ச எடம் வெள்ளை வெளேர்னு மின்னுச்சாம். மூணாவதா வார்த்த சக்கரத்துல அரத்தைப் போட்டா, அரந்தான் வழுக்குது, அவ்வளவு இறுக்கம். இதுவும் உடையும்னு தெரிஞ்சு போச்சு. வார்க்க வேற இரும்பும் இல்லை.

"என்ற மூஞ்சியை இனி யாருக்குக் காட்டுவேன்? ஊரை விட்டே போறேன்"னு மூட்டையைக் கட்டிட்டாரு ஆசாரி.

நஞ்சாத்தா குறுக்க நின்னா. "அட, பொறு ஆசாரி, பொறு! என்ற சூளையை நாலு நாள் எரிச்சு, அன்னைக்கே பிரிச்சுத் தண்ணி அடிச்சாக் கல்லு வெடிக்குமா வெடிக்காதா?"

"வெடிக்கும். ஆனா நெருப்புல கல்லு இறுகுமே ஆத்தா! இதும் இறுகிப் போச்சுன்னா?"

"இறுகுனதுதானே இதுக்கு நோவே! அவசரமா ஆத்துனதுல வந்த இறுக்கம், மறுக்காச் சுட்டு மெதுவா ஆற விட்டா இளகும். கொண்டாய்யா இங்க."

சக்கரத்தைத் தாழிக்குள்ள வெச்சு, சாம்பலைப் போட்டு அமுக்கி, சூளைக்கு நடுவுல அடுக்குனா. நாலு நாள் எரிஞ்சுது. அஞ்சாம் நாள் ஊர்க்கவுண்டர் கடப்பாரையோட வந்துட்டாரு. "கரும்பு காயுது, பிரிங்கடா!"

"பொறுங்க சாமி, பொறுங்க"ன்னு நஞ்சாத்தா தன்ற பொட்டைக் கோழியைத் தூக்கிச் சூளை மேல விட்டா. கொக்கொக்கொக்னு குதிச்சு ஓடிப் போச்சு. "பாத்தீங்களா? கோழிக்கே சுடுது. இது படுக்கட்டும், பொறவு பிரிக்கலாம்."

மறுநாளும் ஓடுச்சு. அதுக்கு மறுநாளும் ஓடுச்சு. ஊரே கரும்பை மறந்துட்டுக் கோழி மூஞ்சியைப் பாத்துட்டு நின்னுச்சாம்! பத்தாம் நாள் காலையில ஏறுச்சு. கிளறுச்சு. செறகை விரிச்சுப் படுத்துச்சு. ஒரு முட்டையும் போட்டுச்சுன்னு எங்கப்பாரு சொல்லுவாரு. அதை நான் நம்பலை.

பிரிச்சாங்க. ஆசாரி அரத்தைப் போட்டாரு. கறுக்குன்னு கடிச்சுது! சுத்தியல்ல ஒரு பல்லைத் தட்டுனாரு. துளி வளைஞ்சுது, முறியலை. மாட்டுனாங்க. மாடு சுத்துச்சு, ஆலையும் சுத்துச்சு, சாறு கொட்டுச்சு. ஊரே அப்பாடான்னு உக்காந்துருச்சு. ஆசாரி மூட்டையை அவுத்துட்டு, சின்னப் புள்ளையாட்டம் அழுதாராம். நஞ்சாத்தாளும் அழுதா, வாயி மட்டும் நிக்கலை: "அழுவாத ஆசாரி, தண்ணி பட்டா மறுக்கா வெடிச்சிறப் போவுது!"

அந்த எடத்துக்குப் பேரு கோழிமேடு. இன்னைக்கும் மொதல் வெல்லத்துல ஒரு உருண்டை அங்க கோழிக்கு. நம்ம ஊரு வார்ப்புக்காரங்க கிட்ட எவனாச்சும் வந்து, இரும்பு ஊத்துன அச்சுப் பெட்டியைச் சீக்கிரம் பிரிங்கன்னாலும் ஒரே கேள்விதான்: "கோழி படுத்துச்சா?" இல்லைன்னா, எந்தக் கவுண்டர் வந்து நின்னாலும் கடப்பாரையைத் தொட மாட்டாங்க.